குட்டியின் வழக்கு: நாட்குறிப்பு

பிப்ரவரி 11, 2025

குட்டிக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. இங்கிலாந்தில் வழக்கில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது (1989 குழந்தைகள் சட்டம், பிரிவு 97), அதனால் பெயர், ஊர் எதுவும் எழுத மாட்டேன், சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அவன் யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட் முடிவு செய்யும் வழக்கு இது, அது முடியும்வரை இடைக்கால உத்தரவில் எங்களிடம் இருக்கிறான். எங்களைப் போல் தற்காலிகமாக வளர்க்கும் ஃபாஸ்டர் கேரர் பொதுவாக வழக்கில் ஒரு தரப்பு இல்லை. நான் எழுதும் தினசரிக் குறிப்புதான் கோர்ட் வரை போகும். இன்று அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவன் சோற்றைத் தொடவில்லை. அதை மட்டும் எழுதினால் அந்தப் பெண்ணுக்கு எதிராகத் திரும்பிவிடும். கிளம்பும்போது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை, அவளும் அழாமல் அவனுக்கு ஷூ மாட்டிவிட்டாள் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

மே 8

அப்பா வழிப் பாட்டி இப்போதுதான் முன்வந்திருக்கிறார். வழக்கை நடத்தும் கவுன்சில் (உள்ளாட்சி) தத்துக் கொடுக்கும் திட்டத்தில் இருக்கிறது, கோர்ட்டில் குழந்தையின் நலனுக்காகப் பேசும் காஃப்காஸ் கார்டியன் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஜூன் 5

இத்தகைய வழக்கை 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2014-லிருந்து சட்டம். நீதிபதி 8 வாரம் நீட்டித்து, பாட்டியை முறையாக மதிப்பீடு செய்யச் சொல்லிவிட்டார். கவுன்சிலின் சோஷியல் வொர்க்கருக்கு இதில் வருத்தம், குழந்தையை எத்தனை நாள் அந்தரத்தில் வைப்பது என்கிறார். அதுவும் சரிதான், அவன் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான், ஒவ்வொரு வாரம் தள்ளிப்போகும்போதும் எங்களைப் பிரிவது அவனுக்கு இன்னும் கடினமாகும். ஆனாலும் நான் நீதிபதி பக்கம். தத்து என்பது சட்டப்படி பெற்ற உறவையே அறுத்துவிடுவது, பிறகு ஒட்ட வைக்க வழி கிடையாது என்றே சொல்லலாம். வேறு எதுவுமே சரிவராது என்றால்தான் அந்த முடிவுக்குப் போகலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றமே 2013-இல் சொல்லியிருக்கும்போது, வாசலில் வந்து நிற்கும் பாட்டியை விசாரிக்காமல் எப்படி முடிப்பார்கள்?

ஜூலை 29

தீர்ப்பு வந்துவிட்டது. பாட்டிக்கு ஸ்பெஷல் கார்டியன்ஷிப், அதாவது தத்து இல்லாமலே வளர்க்கும் பொறுப்பு, அவனுக்கு 18 வயது ஆகும்வரை. அன்றாட முடிவுகள் பாட்டி கையில், அம்மா சட்டப்படி அம்மாவாகவே இருப்பாள், அவ்வப்போது பார்க்கலாம். அவள் எதிர்க்கவில்லையாம்.

ஆகஸ்ட் 2

பாட்டி காலையிலேயே வந்துவிட்டார். பல் தேய்ப்பது, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார், மதியம் நான் மாடியில் இருக்க அவரே தூங்க வைத்தார். அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து மெதுவாகப் பணத்தைப் பற்றிக் கேட்டார். எங்களுக்கு வாராவாரம் அலவன்ஸ் வருகிறது, அவருக்கோ வருமானத்தைக் கணக்குப் பார்த்துத்தான் தருவார்களாம், தொகையை இன்னும் எழுதித் தரவில்லை. அவன் அங்கே போவதற்குள் அது எழுத்தில் வந்தாக வேண்டும். திங்கட்கிழமை நானே கவுன்சிலுக்குப் போன் செய்கிறேன்.