வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சம்பளக்காரருக்கு வரிச்சலுகை உண்டா?

ஜூலை மாதம் ரிட்டர்ன் போடும் நேரம் வந்தால் போதும், இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். "முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன், ஒரு அறையையே ஆபீஸாக மாற்றிவிட்டேன், மேசை, நாற்காலி, இன்வெர்ட்டர், நெட் எல்லாம் என் கைக்காசு, இதை எந்தக் கட்டத்தில் போட்டுக் கழிப்பது?" நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்டத்திலும் போட முடியாது. நம் வருமான வரிச் சட்டத்தில் சம்பளம் வாங்குபவருக்கு வீட்டு ஆபீஸ் செலவு என்று ஒரு கழிவே கிடையாது.

நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி கம்பெனி வருடா வருடம் தரும் ஃபார்ம் 16-ஐத் திறந்து பகுதி பி-யைப் பாருங்கள். 16ஆம் பிரிவின் கீழ் கழிவு என்று மூன்றே மூன்று வரிகள் இருக்கும். ஒன்று ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். இன்னொன்று கேளிக்கைப் படி, அது அரசு ஊழியருக்கு மட்டும். மூன்றாவது தொழில் வரி, அதுவும் பழைய வரி முறையில் (கழிவுகள் அதிகம், ரேட்டும் அதிகம்; புதிய முறையில் இரண்டும் குறைவு) இருப்பவருக்கு மட்டும். தனியார் கம்பெனியில் இருந்துகொண்டு புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மிஞ்சுவது முதல் வரி மட்டும்தான். நாலாவது வரி ஒன்றை நாமாகச் சேர்த்துக்கொள்ள வழியில்லை.

அந்த முதல் வரியில் சட்டத்தின் கணக்கு எளிமையானது. வேலை பார்க்க நீங்கள் என்னென்ன செலவு செய்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை, பில் கேட்க மாட்டோம், நீங்களும் மேலே கேட்காதீர்கள். இந்தத் தொகையை 2005 பட்ஜெட்டில் தூக்கிவிட்டு 2018 பட்ஜெட்டில் 40,000 ரூபாயாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் அதே கையோடு வருடத்துக்கு 19,200 ரூபாய் போக்குவரத்துப் படிக்கும் 15,000 ரூபாய் மருத்துவ பில்லுக்கும் இருந்த விலக்கை எடுத்துவிட்டதால் நிகர லாபம் 5,800 ரூபாய்தான். அடுத்த வருடம் அது 50,000 ஆனது. 2024-25 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் இருப்பவர்களுக்கு 75,000. பழைய முறையில் இன்னும் 50,000-தான்.

கொரோனா காலத்தில் ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தபோது, 2021 பட்ஜெட்டில் இதற்கென்று தனிக் கழிவு வரும் என்று பேச்சு பலமாக அடிபட்டது. வரவில்லை. அதற்குப் பிந்தைய பட்ஜெட்டுகளிலும் வரவில்லை. பஸ் பிடித்து ஆபீஸ் போகிறவருக்கும், வீட்டிலேயே ஏசி போட்டு உட்கார்ந்து, ரெண்டு மாத கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டி ரேட்டே மாறிப்போய் முழிக்கிறவருக்கும் ஒரே தொகைதான். பில் சேர்க்க வேண்டாம் என்கிற வசதிக்காக இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் அடுத்து வரும் கணக்கைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஒரே அபார்ட்மெண்டில் இரண்டு பேர், இருவருமே வீட்டிலிருந்து சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு வருடம் 18 லட்சம் சம்பளம். இன்னொருவர் கன்சல்டன்ட், அவருக்கும் வருடம் 18 லட்சம்தான் வரவு, வங்கி வழியாக. 2025-26 நிதியாண்டில் இருவருமே புதிய வரி முறை. சம்பளக்காரருக்கு 75,000 கழித்தால் 17,25,000. ஸ்லாப்படி வரி 1,45,000, செஸ் (வரியின் மேல் வரி) 4 சதவீதம் சேர்த்து 1,50,800 ரூபாய். கன்சல்டன்ட்டுக்கு 44ஏடிஏ பிரிவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பமும் அந்தப் பட்டியலில் உள்ள தொழில்தான், வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டினால் போதும், மீதிப் பாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், பில் எதுவும் கேட்காது. ஆக 9 லட்சம் வருமானம். வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரி முழுக்கத் தள்ளுபடி என்பதால் வரி பூஜ்யம்.

அதே மாதிரி லேப்டாப், அதே நெட், அதே வேலை. ஒருவர் ஒன்றரை லட்சம் கட்டுகிறார், இன்னொருவர் ஒன்றும் கட்டுவதில்லை. கன்சல்டன்ட்டுக்கு பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, சம்பளத்தோடு லீவு கிடையாது, நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் சொந்தக் காசில் ஒரு மேசை வாங்கிய சம்பளக்காரருக்கு ஒரு பைசா கூடக் கிடையாது என்பதற்கு அது பதில் ஆகாது.

உடனே சிலருக்கு மூளை வேலை செய்யும். கம்பெனியில் பேசி நாமும் கன்சல்டன்ட் ஆகிவிடலாமே என்று. உண்மையிலேயே அப்படி மாறினால் தாராளமாக மாறலாம். ஆனால் அதே மேனேஜர், அதே ஒன்பது மணி லாகின், லீவுக்கு அனுமதி, வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது என்று எல்லாம் பழையபடியே இருக்க, பேப்பரில் மட்டும் 'தொழில்முறைக் கட்டணம்' என்று எழுதிக்கொண்டால், அது சம்பளம்தான் என்று வரித்துறை சொல்ல இடம் இருக்கிறது. பெயர்ப் பலகையைப் பார்க்க மாட்டார்கள், உறவு எப்படிப்பட்டது என்று பார்ப்பார்கள்.

இதைவிட ஆபத்தான ஒரு வழி சுற்றிக்கொண்டிருக்கிறது. ரிட்டர்னில் விலக்குள்ள படிகள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் 10(14) பிரிவைத் தேர்ந்தெடுத்து வீட்டு ஆபீஸ் செலவு என்று ஒரு லட்சத்தைப் போட்டு ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், எனக்கு இவ்வளவு சதவீதம் கமிஷன் என்பார்கள். அந்தப் பிரிவு, கம்பெனி உங்களுக்கு வேலை நிமித்தமாகக் கொடுத்த குறிப்பிட்ட சில படிகளுக்கு உரியது. பயணப் படி, சீருடைப் படி, உதவியாளர் படி இப்படி. கம்பெனி கொடுக்கவே இல்லாத ஒன்றுக்கு விலக்கு எப்படி வரும்? ரீஃபண்ட் சில வாரங்களில் கணக்கில் விழும், அதைப் பார்த்து நாலு பேர் அதே ஆளிடம் போவார்கள், நோட்டீஸ் அப்புறம் ஆற அமர வரும். தவறான தகவல் என்று முடிவானால் அபராதம் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 200 சதவீதம். வட்டி தனி. கமிஷன் வாங்கிய ஆசாமி அப்போது போனை எடுக்க மாட்டார்.

யூடியூபில் பார்த்தேன் என்று வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் ஊழியரே மணிக்கு 70 சென்ட் வீதம் கழிக்கலாம், ஜெர்மனியில் நாளுக்கு 6 யூரோ, வருடத்துக்கு அதிகபட்சம் 1,260 யூரோ. அதெல்லாம் அவர்கள் ஊர்ச் சட்டம். அமெரிக்க வீடியோக்கள் பெரும்பாலும் சுயதொழில் செய்பவருக்கானவை, அங்கே சாதாரணச் சம்பளக்காரருக்கு மத்திய வரியில் இந்தக் கழிவு 2018-லிருந்து கிடையாது.

சரி, ஒன்றுமே வழியில்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது உங்கள் ரிட்டர்னில் இல்லை, கம்பெனி உங்களுக்குப் பணத்தை எந்த ரூபத்தில் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் 'வீட்டு வேலைப் படி' என்று சம்பளச் சீட்டில் ஒரு வரி சேர்த்தால் அது முழுக்க வரிக்கு உட்பட்டது. அதையே, நீங்கள் பில் கொடுத்து கம்பெனி போன் செலவைத் திருப்பித் தருவதாக வைத்தால், வீட்டு போனும் மொபைலும் வருமான வரி விதி 3-ன்படி வரிக்கு வராது. பிராட்பேண்டையும் பெரும்பாலான கம்பெனிகள் இதே தலைப்பில்தான் கொடுக்கின்றன. புதிய வரி முறையிலும் இது உண்டு.

நாற்காலிக்கு வருவோம். 12,000 ரூபாயைக் கையில் கொடுத்து வாங்கிக்கொள் என்றால், 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 3,744 ரூபாய் வரியாகவே போய்விடும். கம்பெனியே தன் பெயரில் வாங்கி உங்கள் வீட்டுக்கு அனுப்பினால், சொந்த உபயோகம் என்று கணக்கில் எடுத்தால்கூட, வருடத்துக்கு விலையில் 10 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் மட்டும்தான் வருமானத்தில் சேரும். லேப்டாப்புக்கு அதுவும் இல்லை, கம்பெனி லேப்டாப்பை வீட்டில் வைத்துப் பயன்படுத்தினால் மதிப்பு பூஜ்யம். வேலையை விடும்போது அவற்றை உங்களிடமே கொடுத்துவிட்டால் அன்றைய மதிப்பு உங்கள் வருமானத்தில் சேரும், அதில் இன்னொரு வேடிக்கை. பயன்படுத்தி முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் கம்ப்யூட்டரின் மதிப்பு பாதியாகும், 80,000 ரூபாய் லேப்டாப் மூன்று வருடத்தில் 10,000. நாற்காலிக்கோ வருடத்துக்கு 10 சதவீதம்தான் குறையும், மூன்று வருடம் கழித்தும் 8,400. முதுகு வலிக்க வலிக்க உட்கார்ந்து பஞ்சு வெளியே வந்த நாற்காலிக்கு லேப்டாப்பைவிட ஆயுசு கெட்டி என்பது சட்டத்தின் நம்பிக்கை.

வாடகை பற்றியும் கேட்பார்கள். எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு பழைய முறையில் மட்டும், அதில் எந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்பதற்கு இடமே இல்லை.

இங்கே சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்துக்கானவை. 2025 வருமான வரிச் சட்டத்தின் அமல் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால், 2026-27 வருட வருமானத்துக்கான ரிட்டர்னிலிருந்து எண்கள் மாறியிருக்கும், தேடும்போது குழம்ப வேண்டாம்.

எச்ஆரிடம் பேசுவதென்றால் ஏப்ரலில் பேசுங்கள். வருடத் தொடக்கத்தில் சம்பள அமைப்பை மாற்றுவது அவர்களுக்கும் எளிது, மார்ச்சில் போய் நின்றால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். பேசும்போதே யார் பெயரில் உள்ள பில்லை ஏற்பார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். நிறைய வீடுகளில் நெட் கனெக்‌ஷன் அப்பா பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கும், அந்த பில்லைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும். கனெக்‌ஷனை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, அப்புறம் படிவத்தை நிரப்புங்கள்.