ஒரு 'குமார்' கொடுத்த அலைச்சல்

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, கிராமத் திட்டமிடல் படிக்கப் பதிந்துவிட்டு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. உயர்தரப் பரீட்சை கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரிசல்ட் வந்த பிறகு கடதாசிகளோடு பட்ட பாட்டை நினைத்தால் இணைந்த கணிதமே பரவாயில்லை என்று தோன்றுகிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், எந்தப் பாடநெறி என்று மண்டையை உடைக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு மூன்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். நான் வாசிக்கவில்லை.

எனக்கு வந்த வினை ஒரு 'குமார்'. பிறப்புச் சான்றிதழில் அது கிடையாது. முதலாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று அப்பா வாத்தியாரிடம் குமாரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஏன் அப்பா என்று கேட்டால், "கூப்புட நல்லா இருந்துச்சு" என்கிறார். அன்றிலிருந்து வரவு இடாப்பு, சாதாரண தரம், உயர்தரம் எல்லாவற்றிலும் நான் குமார். அடையாள அட்டையைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து அடித்ததால் அதில் குமார் இல்லை. அட்டை கைக்கு வந்த நாளே இதைக் கவனித்தேன். பெயரில் பாதி இருக்கிறதே, போதாதா என்று விட்டுவிட்டேன். விண்ணப்பத்தைப் பார்க்க உட்கார்ந்த பௌதிகவியல் சேர்தான், "தம்பி, நீ ஒரு ஆளா ரெண்டு ஆளா?" என்று கேட்டார்.

பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்த முதலில் எங்கள் பகுதி அலுவலகத்துக்குப் போனேன். அம்மாவும் வந்தார். அவருக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போனது. ஒன்றரை மணித்தியாலம் நின்ற பிறகு, கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே "மே கந்தோருவ நெவெய்" என்றார். இந்தக் கந்தோர் இல்லையாம். எந்தக் கந்தோர் என்று கேட்க எனக்குத் தெரிந்த சிங்களம் போதவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அக்காதான் விளக்கினார். பிறப்பை எங்கே பதிந்தார்களோ அங்கே போக வேண்டும். என்னைப் பெற்றது தோட்டத்து ஆஸ்பத்திரியில் இல்லை, பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் தள்ளியிருக்கிற டவுன் ஆஸ்பத்திரியில். அங்கேதான் பதிவும். இந்த ஒரு வரியைச் சான்றிதழிலேயே வாசித்திருக்கலாம். அம்மாவின் ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது அலுவலகத்துக்குப் பொதுமக்கள் தினம் பார்த்துப் புதன்கிழமை போனேன். உத்தியோகத்தர் வெளி வேலையாகப் போய்விட்டாராம். கேட் அருகே இருந்த காவலாளி ஐயா ஒரு துண்டில் அலுவலக நம்பரை எழுதிக் கொடுத்து, "இனி எடுத்துக் கேட்டுட்டு வாங்க மகன்" என்றார். இந்த முழு அலைச்சலிலும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அந்தத் துண்டுதான்.

போன் பண்ணிவிட்டுப் போன மூன்றாவது பயணத்தில் ஆள் இருந்தார். பெயரைத் திருத்த வேண்டுமென்றால் பழைய சான்றிதழ், பள்ளி அனுமதி இடாப்பின் பிரதி, பெற்றோரின் விவாகச் சான்றிதழ் என்று ஒரு பட்டியல் சொன்னார். அப்பாவும் அம்மாவும் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. எழுத்தில் பதிந்தது நான் பிறந்து நாலு வருடம் கழித்து. அதைக் கேட்டதும் அவர் பேனாவை மூடிவிட்டார். திருத்தம் முடிய எத்தனை மாதம் என்று கேட்டேன். சிரித்தார். எனக்கோ விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது தாத்தாவை நினைத்துக்கொண்டேன். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு, இந்த மண்ணில் பிறந்தேன் என்று நிரூபிக்கக் கடதாசி தேடி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினவர் அவர். அந்தக் காலத்துக் கடதாசிகளை அம்மா இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். இப்போது என்னுடையதும் அதே டின்னில்தான்.

சரி, வழி எப்படிப் பிறந்தது? அதே அலுவலகத்தில் கடைசி மேசையில் இருந்த ஒரு மிஸ் நான் திரும்பும்போது கூப்பிட்டார். திருத்தம் தன் பாட்டுக்கு நடக்கட்டும், இப்போதைக்கு இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே அதிபரிடமிருந்து ஒரு கடிதமும் வாங்குங்கள் என்றார். அவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு. இதை முதல் கவுண்டரிலேயே சொல்லியிருக்கலாம்.

சத்தியக்கடதாசியில் கையெழுத்துப் போடுகிற எங்கள் சமாதான நீதவான் ஓய்வுபெற்ற ஆசிரியர். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முழுதாக வாசித்தார். நான் டைப் பண்ணிக் கொண்டுபோனதில் அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு இலக்கம் பிழை. திருப்பி அனுப்பினார். கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவர் பார்க்காமல் முத்திரை குத்தியிருந்தால் நான் மூன்றாவது ஆளாகவும் ஆகியிருப்பேன்.

இனி, பாடநெறி வரிசை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தப்பாக விளங்கி வைத்திருந்தது இதைத்தான். ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு, மூன்று இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். விருப்ப வரிசையில் அதை எழுத வேண்டும். உங்கள் இசட் புள்ளிக்கு (உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கிற புள்ளி) எட்டக்கூடியவற்றில் மேலே எதை எழுதினீர்களோ அது கிடைக்கும். எட்டாததை முதலாவதாகப் போட்டால் கீழே உள்ளதும் போய்விடும் என்று ஒரு கதை டியூஷன் வகுப்புகளில் உலாவுகிறது. நம்ப வேண்டாம். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, பிடித்த பாடத்தைக் கீழே தள்ளினால்தான் நஷ்டம். என் நண்பன் ஒருவன் அப்படித்தான் பௌதிக விஞ்ஞானத்தை மேலே போட்டு, பொறியியலைக் கீழே போட்டான். பொறியியலுக்கும் புள்ளி போதுமாக இருந்தது. கிடைத்தது விஞ்ஞானம்.

நான் பேராதனை, மொரட்டுவைப் பொறியியலை மேலே போட்டேன். அது எட்டாது என்று தெரியும், ஆசைக்குப் போட்டேன். அதற்குக் கீழே திட்டமிடல், பிறகு பேராதனை விஞ்ஞானம், களனியில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும், கடைசியாகப் பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் சில. முகாமைத்துவம் என்றால் வணிகப் பிரிவுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கணிதப் பிரிவுக்கும் திறந்திருக்கிற பாடநெறிகள் அதில் இருக்கின்றன. அம்மாவுக்குப் பேராதனைதான் வேண்டும், கிட்ட என்பதால். எனக்குத் திட்டமிடல் எப்போது பிடித்தது என்றால், 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, மூடியபோது எனக்கு எட்டு வயது. அன்றிரவு எங்கள் லயத்தில் யாரும் தூங்கவில்லை. வீடு எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதற்கு ஒரு படிப்பே இருக்கிறது என்று தெரிந்தது பிறகுதான்.

படிவத்தை ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷனில், அதாவது டைப் அடித்து அச்செடுக்கிற கடையில், போட்டேன். கடைத் தம்பி வேகமாக அடித்தார். அச்செடுத்துப் பார்த்தால் பேராதனைக்குப் பதிலாக ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். ஒரு எழுத்துத்தான் மாறியிருந்தது. அனுப்பும் முன் குறியீடுகள் இருக்கிற விண்ணப்பக் கைந்நூலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு குறியீட்டையும் விரல் வைத்துச் சரிபாருங்கள், கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும். கட்டடக்கலைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. அதற்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு, அதற்கு மொரட்டுவைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு இது தெரிய வந்தபோது திகதி முடிந்து நாலு நாள்.

மாவட்ட விஷயத்தையும் லேசாக எடுக்க வேண்டாம். 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் இருக்கின்றன, கண்டி இல்லை. நுவரெலியா மாவட்டத்துக் கினிகத்தேனைப் பக்கம் வீடு, கண்டியில் உயர்தரம் என்று படித்த ஒருவன் எந்த மாவட்டம் என்று காட்ட வாக்காளர் இடாப்புப் பிரதிகளுக்காக ஒரு வாரம் அலைந்தான். ஒரு வருட இடாப்பில் அவர்கள் லயத்தில் அவன் அப்பா பெயரைத் தவிர எல்லார் பெயரும் இருந்தது.

விண்ணப்பம் போன பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. வெட்டுப்புள்ளி வந்தது, திட்டமிடல் கிடைத்தது, வீட்டில் பாயாசம். அதோடு கடிதம் வரும் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் மறுபடி சறுக்கினேன். எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது, தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டுவந்தால் உண்டு. என் கடிதம் கீழ் டிவிஷனில் என்னைப் போலவே பெயருள்ள இன்னொரு பையன் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே குமாரோடு ஒருத்தன் உண்மையிலேயே இருக்கிறான்! அவர்கள் வீட்டில் அதைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது பதினோராம் நாள்.

நல்லவேளை, சேர் விடவில்லை. கடிதம் வந்தால் வரட்டும், நீ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார் என்று விரட்டினார். இணையவழிப் பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அதைப் போனிலேயே முடித்தேன். சிக்னலுக்காகத் தேயிலை மலை உச்சிக்கு ஏறி, மழைக்குக் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு. தோட்ட முகவரியை நம்பி இருக்காதீர்கள். டவுனில் கடை வைத்திருக்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் முகவரியைக் கொடுங்கள், இணையத்தளத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பாருங்கள்.

மொரட்டுவையில் நேரில் போய்ப் பதிவது சுலபம். ஹட்டனில் இரவு பஸ் ஏறி, விடிய பல்கலைக்கழகம் இருக்கிற கட்டுபெத்தயில் இறங்கி, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பத்திரங்களைப் பார்த்தவர் இரண்டு பெயரையும் கவனித்துவிட்டு நிமிர்ந்தார். சத்தியக்கடதாசியையும் அதிபர் கடிதத்தையும் நீட்டினேன். வாசித்தார், பைலில் குத்தினார், "அடுத்தவர்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

நேற்று தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழைப் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவள் அடுத்த வருடம் சாதாரண தரம். அவள் பெயர் சரி, அப்பாவின் பெயர்தான் பிழை. காவலாளி ஐயா தந்த நம்பருக்கு எடுத்தேன். புதன்கிழமை உத்தியோகத்தர் இருப்பாராம்.