பூப்போர்வை

கொக்கி ஊசியால் பூப்பூவாகப் பின்னி இணைக்கிற குரோஷா போர்வையில் எனக்குப் பிடித்ததே, கடைசிக் கட்டம் வரை மடியில் பாரம் இல்லை என்பதுதான். ஒரு பூ உள்ளங்கை அளவு. நூல்கண்டும் 4 மி.மீ. ஊசியும் எந்தப் பையிலும் அடங்கிவிடும்.

இப்போது போடுவது ஆப்பிரிக்கன் ஃப்ளவர் என்கிற பூ வடிவம். நடுவில் வளையம், சுற்றி ஆறு இதழ், வெளிவிளிம்பு அறுகோணம். இதழ் வரிசை முடிந்ததும் வேறு நிற நூலால் ஓரம் கட்டுவோம். அப்போது இரண்டு இதழ்களுக்கு நடுவே ஊசியைக் கீழ்வரிசை வரை இறக்கி ஒரு நீளக் கண்ணி இழுக்கணும். அந்த ஒரு இழுப்பில்தான் இதழ் குபுக்கென்று எழும்பி நிற்கும். இறுக்கிவிட்டால் பூ கிண்ணமாகக் குழிந்துவிடும், ஜாக்கிரதை!

அறுகோணம் சந்து விடாமல் கச்சிதமாகப் பொருந்தும். ஓரம் மட்டும் வளைந்து நெளிந்து நிற்கும். சிலர் பாதிப் பூ பின்னி அதை நேராக்குவார்கள். எனக்கு நெளிவுதான் அழகு.

இதில் பெரிய தலைவலி நூல்முனை. நாலு நிறம் மாற்றினால் ஒரு பூவுக்கு எட்டு வால். நூறு பூவுக்கு எண்ணூறு! அன்றன்றைக்கே சொருகிவிடுவது உத்தமம். ஒரே திசையில் சொருகினால் துவைக்கும்போது வெளியே வந்துவிடும், திரும்பவும் எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டணும்.

கடைசி வரிசையை எல்லாப் பூவிலும் நிறுத்தி வைத்திருக்கிறேன். தரையில் பரப்பி நிறம் பார்த்துவிட்டு, அந்த வரிசையிலேயே ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். அந்தக் கடைசி வரிசைக்குக் கிரீமா, கரும்பச்சையா? சொல்லுங்கப்பா.