கும்பகோணத்துக்காரனும் ஷில்லாங் பாக்கும்

மனைவிக்கு ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தது. மத்திய அரசு வேலை. மூன்று வருஷத்துக்கு அசைய முடியாது. நான் வீட்டிலிருந்தே கணினியில் பிழைப்பவன். இணையம் இருந்தால் இமயமலை உச்சியிலும் உட்கார்ந்து வேலை பார்ப்பேன் என்று பல வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தவன். அதனால் மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் போனது நான்தான். “பொண்டாட்டி பின்னாடியே போறானாம்” என்று கும்பகோணத்தில் பெரியப்பா ஒருவர் சிரித்தார். நாங்கள் போகிற ஊரில் அதுதான் முறை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அம்மாவின் குழப்பம் வேறு. அங்கே இருப்பவர்கள் காசி இன மக்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். கிளம்பும்போது ஒரு பித்தளைச் சொம்பைக் கையில் கொடுத்து, “வரும்போது தீர்த்தம் பிடிச்சுக்கிட்டு வா” என்றாள். அந்தக் காசி வேறு, இது மேகாலயா, வங்கதேசத்துக்கு மேலே இருக்கிறது என்றெல்லாம் ரயிலடியில் நின்று விளக்கினேன். சொம்பு எங்களோடுதான் வந்தது.

கௌஹாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர். மலைப்பாதை, ஷேர் சுமோவில் மூன்று மணி நேரம். நவம்பர் மாதத்து சனிக்கிழமை ஒன்றில் போய்ச் சேர்ந்தோம். உமியம் ஏரியைத் தாண்டும்போதே வெளிச்சம் மங்கியது. மழை கட்டுகிறது என்று நினைத்தேன். மழை இல்லை, சூரியனே போய்விட்டது. மணி நாலரை. நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். கிழக்குக் கோடியில் இருக்கும் சூரியன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஜூன் மாதத்தில் இதே ஊரில் விடிகாலை நாலரைக்கே வெளிச்சம் வந்து கண்ணைக் குத்தும் என்பது பிறகு தெரிந்தது.

மளிகை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். நாளை ஞாயிற்றுக்கிழமை. பை எடுத்துக்கொண்டு இறங்கினால் தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. காசி மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். குடும்பம் குடும்பமாக நல்ல உடுப்பில் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலிப் பையோடு திரும்பி வந்தவனை வீட்டுக்காரம்மா மாடிப்படியில் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மதியம் ஒரு பாத்திரம் வந்தது, மஞ்சள் போட்டு வடித்த சோறு. ஜாஸ்தெம் என்று பெயர். ‘ஜா’ என்றால் சோறு. நான் கற்றுக்கொண்ட முதல் காசிச் சொல் அதுதான், பசியில் கற்றதால் மறக்கவில்லை.

வீடு ஷில்லாங்கின் லைட்டும்க்ரா பேட்டையில். கல்லும் செங்கல்லும் குறைவு, மரச்சட்டங்களுக்கு நடுவே மெல்லிய சுவர், மேலே தகரம், நடந்தால் முனகும் மரத்தரை. 1897 ஜூன் 12 அன்று வந்த பூகம்பத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்களெல்லாம் விழுந்துவிட்டன. அதற்கப்புறம் இந்த மாதிரி இலேசான வீடுகள்தான் பரவின. பூகம்பத்துக்கு நல்லது, ரகசியத்துக்கு ஆகாது. நான் தினமும் அம்மாவோடு போனில் பேசுவதைப் பத்து நாள் கேட்ட வீட்டுக்காரம்மா என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் கணவனுக்கும் அவர் அம்மாவுக்கும் என்ன சண்டை?” என்று கேட்டிருக்கிறார். சாம்பாருக்குத் துவரம்பருப்பு எவ்வளவு என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே கடைத்தெருவில்கூட யாரும் குரலை உயர்த்துவதில்லை. நான் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். அம்மா எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட ஆரம்பித்தாள்.

வீட்டுக்காரம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்பதே முதலில் பிரச்சினை. ஆன்ட்டி என்றேன், முகத்தில் ஒரு சுருக்கம். பிறகு தெருவில் காது கொடுத்துக் கேட்டதில் புரிந்தது: பெண்களுக்குக் ‘கொங்’, ஆண்களுக்குப் ‘பாஹ்’. நம் அக்கா, அண்ணன் போலத்தான். டீக்கடைக்காரம்மாவும் கொங், பெண் அதிகாரியும் கொங். அன்றிலிருந்து அவர் எனக்கும் கொங்.

அப்புறம் அந்தப் பாக்கு. முதல் வாரமே கொங் வீட்டுக்கு அழைத்தார். உட்கார்ந்ததும் ஒரு தட்டு வந்தது. கால் பாகமாக நறுக்கிய பாக்கு, சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலை. க்வாய் என்றார். நான் கும்பகோணத்துக்காரன். கொழுந்து வெற்றிலை விளைகிற, சீவல் விற்கிற ஊர். எனக்கா வெற்றிலை சொல்லித்தருகிறீர்கள் என்று ஒரு திமிர். ஆனால் அந்தப் பாக்கு ஈரமாக, ஒரு மாதிரி வாடையோடு இருந்தது. மாதக்கணக்கில் ஊறவைத்துப் புளித்த பாக்கு அது. “பழக்கமில்லை” என்று தட்டை மெல்லத் தள்ளிவிட்டேன். கொங் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துப் போனார். பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவரிடம் அதை நீட்டின கையோடு திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். வேற்றூரில் நம் மரியாதையெல்லாம் செல்லாது என்று எப்படியோ மனசுக்குள் எண்ணம் இருந்திருக்கிறது. இங்கே அது இன்னும் ஆழம். ஒருவர் இறந்துவிட்டால் ‘கடவுளின் வாசலில் க்வாய் மென்றுகொண்டிருக்கிறார்’ என்பார்கள். பழைய ஆட்கள் நடைதூரத்தை இத்தனை க்வாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், ஒரு வாய் மென்று முடிக்கும் தூரம் ஒரு க்வாய். ஏழை வீட்டிலும் பணக்காரர் வீட்டிலும் விருந்தாளிக்கு முதலில் வருவது அந்தத் தட்டுதான்.

இரண்டாம் முறை நானாகவே போய் உட்கார்ந்து எடுத்து வாயில் போட்டேன். இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் காது இரண்டும் கொதித்தன, நெஞ்சு அடித்தது, அந்தக் குளிரில் நெற்றியில் வியர்வை. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றேன். வீடே சிரித்தது. அன்று பேச்சு ராத்திரி ஒன்பது வரை போனது.

அன்றுதான் வீட்டின் கணக்கு புரிந்தது. கொங் அந்த வீட்டின் கடைசிப் பெண். காசி மக்களிடம் கடைக்குட்டி மகளுக்குத்தான் பரம்பரை வீடு. ‘கா கத்து’ என்பார்கள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர். கணவர் திருமணத்துக்குப் பின் இங்கே வந்தவர். “உன்னைப் போல” என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், கொஞ்சம் ஆறுதலோடு. பெரியப்பா ஞாபகம் வந்தது.

அதற்காகப் பெண்கள் ராஜ்யம் என்று நினைத்துவிட வேண்டாம்; சுற்றுலாக் கட்டுரைகள் இதைக் கொஞ்சம் மிகைப்படுத்துகின்றன. வீட்டில் பெரிய முடிவு என்றால் கொங்கின் அண்ணன் வந்து உட்காருவார். பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன். அவர் வார்த்தைக்கு அப்பாவின் வார்த்தையைவிடக் கனம். நாங்கள் குடிவந்ததைப் பதிவு செய்யப் பேட்டைத் தலைவரிடம் போனோமே, அந்தப் பேட்டைச் சபையான தோர்பார் ஷ்னோங்கில் மரபுப்படி ஆண்கள்தான் உட்காருவார்கள். சொத்து அவள் பேரில், பேச்சு அவன் வாயில்.

தாய்மாமன் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் ஊரிலும் மாமன்தான் எல்லாம், காது குத்த அவர் மடிதான் வேண்டும், சீர் செய்ய அவர்தான் என்று அடுக்கினேன். கொங் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்த வேகத்தில், “சில குடும்பங்களில் பெண்ணை மாமனுக்கே கட்டிவைப்பதும் உண்டு” என்றேன். அறையில் மரத்தரைகூட முனகவில்லை. ஒரே குலத்துக்குள் திருமணம் என்பது அவர்களுக்கு மன்னிப்பே இல்லாத பாவம். அம்மாவின் தம்பி அதே குலம். கொங் மெதுவாக என் மனைவியிடம் திரும்பி, “நீங்கள் இரண்டு பேரும்...?” என்று இழுத்தார். இல்லை இல்லை, எனக்கும் இவருக்கும் ஒரு உறவும் கிடையாது என்று அவள் சத்தியம் செய்தபிறகுதான் டீ வந்தது.

காசிக் கதையில் சூரியன் பெண், நிலா அவள் சகோதரன். தப்பான ஆசையோடு வந்த தம்பியின் முகத்தில் அவள் சாம்பலை வாரி வீசினாளாம். நிலாவில் தெரியும் கறை அதுதான். சூரியன் அம்மா என்றால் அவள் தம்பி நமக்கு அம்புலி மாமாதானே! இதையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மனைவி காலை மிதித்தாள்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போனது என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஷேர் டாக்சியில் இரண்டு பையன்கள் என்னைப் பார்த்து ‘ட்கார்’ என்று பேசிக்கொண்டார்கள். வெளியாள் என்று அர்த்தம். சொல்கிற தொனியைப் பொறுத்து அது வெறும் சொல், அல்லது வசவு. 1979லும் அதற்குப் பிறகும் வெளியாட்கள்மேல் இங்கே வன்முறை நடந்திருக்கிறது. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயிருக்கின்றன. அன்று எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. வீட்டுக்கு வந்து கொங்கின் கணவரிடம் சொன்னேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லாமல் பழைய கதையைச் சொன்னார். அப்போது இது அசாம் மாநிலம். 1960இல் அசாமிய மொழியை ஆட்சிமொழி ஆக்கினார்கள். மலைமக்கள் எங்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று கிளம்பினார்கள். 1972 ஜனவரி 21 அன்று மேகாலயா பிறந்தது. நிலம் கைமாறிவிடக் கூடாது என்று 1971லேயே சட்டம் போட்டார்கள். பெரும்பாலான இடங்களில் பழங்குடி அல்லாதவர் மண் வாங்க முடியாது. 1965இல் எங்கள் ஊரிலும் மொழிக்காகத் தெருவில் இறங்கினார்கள் என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பையன்கள் மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விடவில்லை, பாதி போனது.

சாப்பாட்டுக்குத்தான் ரொம்பக் கஷ்டப்படுவோம் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். உண்மையில் அதுதான் சுலபம். பன்றிக்கறி எனக்கு இரண்டு மாதம் ஆனது, கறுப்பு எள் அரைத்துப் போட்ட தொஹ்னெயியொங் ஒரே நாளில் என்னை மாற்றிவிட்டது. மனைவி இன்னும் தொடுவதில்லை, யாரும் வற்புறுத்துவதும் இல்லை. ஆனால் காலை நேரத்து டீக்கடைகளில் அவள்தான் முதலில் நுழைவாள். அரிசிமாவில் சுடும் புதாரோ என்றால் ஆப்பத்தின் தங்கை. ஆவியில் வேகும் புமலோய் நம் புட்டேதான். வெல்லம் போட்டுப் பொரித்த புக்லெயினைக் கடித்துவிட்டு, “அதிரசம்!” என்று அவள் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது. சத்தம் குறைக்கும் பாடம் அவளுக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

வராதது இட்லி ஒன்றுதான். 1500 மீட்டர் உயரத்துக் குளிரில் மாவு பொங்காது. மூன்று நாள் வைத்தாலும் அரைத்த அன்று எப்படியோ அப்படியே கிடக்கும். கம்பளி போர்த்தினேன், வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கினேன், நெட்டில் சொன்னதெல்லாம் செய்தேன். கல்லு மாதிரி இட்லி. ஒரு நாள் கொங் எட்டிப் பார்த்தார். “இதைப் புளிக்க வைக்கணுமா? என்னிடம் கொடு.” அவர் சமையலறையில் கரியடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு மூடிய மூங்கில் கூடை ஒன்று இருந்தது. அதற்குள் வேகவைத்த சோயாவை இலையில் பொதிந்து வைத்திருந்தார், துங்ரும்பாய். நாலைந்து நாள் கழித்துத் திறந்தால் வரும் வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு அதன்முன் பன்னீர். அந்தக் கூடைக்குப் பக்கத்தில் என் மாவுச் சட்டியை வைத்தார். மறுநாள் காலை மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி வழிந்திருந்தது. இட்லியில் துளியூண்டு துங்ரும்பாய் வாடை, அவ்வளவுதான். இப்போது அந்த வாடை இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிறது.

ஏப்ரலில் அம்மா வந்தாள். வாழைப்பட்டையில் சுற்றி ஈரம் காயாமல் இரண்டு கவுளி வெற்றிலையும் சீவலும் கொண்டு வந்திருந்தாள். கொங்குக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. உட்கார்ந்ததும் தட்டு வந்தது. “அம்மா, அது கொஞ்சம்...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அம்மா போட்டுக்கொண்டாள். காது சிவந்தது, வியர்த்தது, முந்தானையால் விசிறிக்கொண்டாள். துப்பவில்லை. “பாக்கு நல்ல பாக்குடா” என்றாள் மூச்சு வாங்க. பிறகு தன் பையிலிருந்து கொழுந்து வெற்றிலை இரண்டை எடுத்துக் காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்துக் கொங்கிடம் நீட்டினாள். கொங் மரியாதையோடு வெகுநேரம் மென்றார். கடைசியில் என்னிடம் திரும்பி, “ரொம்ப நன்றாக இருக்கிறது. குழந்தைகளுக்குக் கொடுப்பதா?” என்று கேட்டார்.

நான் அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அம்மா திரும்பும்போது கொங் இரண்டு கிலோ லகாடோங் மஞ்சள் கட்டிக் கொடுத்தார், ஜெயந்தியா மலையில் விளைவது, நிறமும் காரமும் நம் மஞ்சளைவிடத் தூக்கல். போன வாரம் பெரியப்பா போன் செய்தார். அம்மா அதைப் பொட்டலம் போட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள்.

“காசி மஞ்சளாமே” என்றார். “கண்ணில் ஒத்திக்கிட்டு பூஜை அறையிலேயே வெச்சுட்டேன்.”