ஏரி டைரி: அடியில எத்தன டிகிரி?

ஜூலை 11
மிச்சிகன் ஏரி. விடியறதுக்கு முன்னாடியே நானும் அண்ணனும் படக இறக்கிட்டோம். இருட்டுல மின்னுற பச்சை ஸ்பூன (கரண்டி மாதிரி இருக்கற தகட்டு இரை) டவுன்ரிக்கர்ல (தூண்டில் லைன கிளிப்ல மாட்டி, கனமான குண்டோட ஆழத்துக்கு இறக்கற கருவி) 60 அடிக்கு விட்டு, படக மெதுவா ஓட்டி மூணு மணி நேரம் இழுத்தும் ஒரு கடி இல்ல. மீன் காட்டற ஸ்க்ரீன்ல அலிவைஃப்ங்கற சின்ன மீன் கூட்டம் மேகம் மாதிரி நிக்குது, அதத் தின்ன வர்ற சினூக் சால்மன மட்டும் காணோம். கடைசியில அண்ணன் தண்ணியோட சூட்ட அளக்கற புரோப்ப இறக்கி பாத்தா 17 டிகிரி. சினூக்குக்கு 12 டிகிரி பக்கம்தான் சரிப்படும். முதல்லயே பாத்திருக்கணும்.

ஜூலை 14
ரெண்டு நாளா கரையிலேருந்து ஏரிப்பக்கமா காத்து. இது மேல இருக்கற சூட்டுத் தண்ணிய உள்ள தள்ளிட்டுப் போயிடும், அந்த எடத்துக்கு அடியிலேருந்து குளுந்த தண்ணி ஏறி வரும், அதோட மீனும் வரும். இன்னைக்கு 35 அடியிலயே 11 டிகிரி! அஞ்சே காலுக்கு கிளிப் விட்டு, வளைஞ்சு நின்ன ராட் சட்டுன்னு நிமிந்துச்சு, "எடுடா, எடு"ன்னு அண்ணன் கத்தறார், நான் எடுக்கறதுக்குள்ள லைன் ஓடுது ஓடுது, கவுண்டர்ல 400 அடி. கை மரத்துப் போற வரைக்கும் இழுத்து வலையில போட்டோம். கறுத்த ஈறு, வால் முழுக்கப் புள்ளி, சினூக்கேதான், எட்டு கிலோ. உடனே ரத்தம் வடிய விட்டு ஐஸ்ல வச்சாச்சு, அதுல சோம்பல் பட்டா கறி கெட்டுரும்.

ஜூலை 16
அலை ஜாஸ்தி. போகல.

ஜூலை 19
லேக் ட்ரவுட்டுங்கற, இந்த ஏரியோட சொந்த மீனுக்காக 120 அடி ஆழத்துல, குண்டு தரையில உரசி மணல் கிளம்பற மாதிரி மெதுவா இழுத்தோம். ஒண்ணு வந்துச்சு. விலாவுல வட்டமா பழைய தழும்பு, லாம்ப்ரேங்கற விலாங்கு மாதிரி ஒட்டுண்ணி மீன் ஒட்டி ரத்தம் உறிஞ்ச எடம். அந்த லாம்ப்ரேயும் அளவில்லாம பிடிச்சதும் சேந்துதான் 1950கள்ல இந்த ஏரியில லேக் ட்ரவுட்டே இல்லாம பண்ணுச்சு, தின்ன ஆளில்லாம அலிவைஃப் பெருகவும்தான் 1966ல கோஹோங்கற இன்னொரு சால்மனும் அடுத்த வருஷம் சினூக்கும் பசிபிக் பக்கத்துலேருந்து கொண்டுவந்து விட்டாங்க. லேக் ட்ரவுட்ட 1965லேருந்து வளர்த்து விடறாங்க, விடறப்போ அடையாளத்துக்கு ஒரு துடுப்ப வெட்டிடுவாங்க. இதுல ஒவ்வொரு துடுப்பா தடவிப் பாத்தேன். எல்லாமே முழுசா இருந்துச்சு. இந்த ஏரியிலயே பொறந்தது! "அண்ணே, இது வேணாம்ணே"ன்னேன், அவரும் தலையாட்டினார். 71 செ.மீ. மேல் தண்ணி இன்னும் குளுமையாத்தான் இருந்துச்சு, அதுல பிடிச்சபடி கொஞ்ச நேரம் வச்சிருந்தேன், வால ஒரு உதறு உதறிட்டு நேரா கீழ போயிடுச்சு.