அத்தை வீட்டுக் கடப்பாவும் ஞாயிறு இரவு பஸ்ஸும்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பட்டீஸ்வரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் பிள்ளையோடு போய்வந்ததைப் பற்றி, செலவுக் கணக்கு, எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை தாம்பரத்தில் இறங்கியதிலிருந்து கோபம் அடங்கவில்லை. அதனால் பஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன்.

திரும்பி வருவதற்கான ரயில் டிக்கெட் காத்திருப்புப் பட்டியலைத் தாண்டவே இல்லை. வேறு வழியில்லாமல் கும்பகோணத்தில் ஒரு ஆம்னி பஸ் பிடித்தோம். வார நாளில் 700 ரூபாய்க்குக் கிடைக்கிற படுக்கை, ஞாயிறு இரவு 1,450. போனில் கேட்டபோது குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்றார்கள். ஏறும்போது, "கொழந்தைக்கு அரை டிக்கெட் போட்டாதாம்மா ஏத்துவோம்" என்று வழியை மறித்தார்கள். என் மகனுக்கு இரண்டே கால் வயது, என் மடியில்தான் வருகிறான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, 500 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். சேத்தியாத்தோப்பு தாண்டியதும் ஏசி நின்றுபோனது. ஜன்னலைத் திறக்க முடியாது. பிள்ளை வியர்வையில் நனைந்து வீறிட்டு அழுகிறான். "இப்ப வந்துரும்மா" என்பதையே கிளீனர் விக்கிரவாண்டி வரை சொல்லிக்கொண்டிருந்தார். டயப்பர் மாற்ற ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னதற்கும் அதே பதில்தான். கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் இப்படி நடப்பது அநியாயம். மூன்று நாளில் எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்த ஒரு இரவுக்கே போய்விட்டது.

போகும்போது ரயில், ஒரு குறையும் இல்லை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் கிடையாது. கீழ்ப் படுக்கையில் அவனை அணைத்துப் படுத்தேன். கண் விழித்தபோது மயிலாடுதுறை.

கும்பகோணம் ஸ்டேஷன் வாசலில் பட்டீஸ்வரத்துக்கு ஆட்டோ கேட்டால் 500 ரூபாய் என்றார் ஒருவர். இருப்பதோ எட்டு கிலோமீட்டர் சொச்சம். "கைப்புள்ளயோட பஸ்ஸுல அல்லாடுவீங்க" என்று பயமுறுத்தினார். நாங்கள் பித்தளை டபராவில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு டவுன் பஸ் ஏறினோம். நெடுஞ்சாலை முழுக்கக் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை வைத்திருக்கிறார்களே, அதில் ஒன்றுகூட இந்தக் காபிக்குப் பக்கத்தில் வராது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மகனுக்கும் வயது காரணமாக இல்லை. வீட்டுக்காரருக்கு மட்டும் எடுத்தோம், 20 ரூபாயைத் தாண்டவில்லை. உட்கார இடமும் கிடைத்தது.

இனி அத்தை வீட்டுச் சமையல். சென்னையில் என் மகனுக்கு ஒரு இட்லி ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை காலை அத்தை கடப்பா செய்திருந்தார். தஞ்சை, கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து மசித்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சைமிளகாய், பூண்டு அரைத்து ஊற்றி, பட்டை, கிராம்பு, சின்ன வெங்காயம் தாளித்துக் கொதிக்கவிட வேண்டும். சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை, இரண்டையும் விட மேல். பிள்ளைக்காக மிளகாயைக் குறைத்துப் போட்டிருந்தார். அவன் திண்ணையில் உட்கார்ந்து, யாரும் ஊட்டாமல், தானே பிசைந்து மூன்று இட்லி சாப்பிட்டான். மூன்று! நான் கணக்கே வைக்காமல் சாப்பிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் வாய்க்காலுக்குப் போனோம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள் என்பதால் ஆடியில் இங்கே தண்ணீர் ஓடும். இரு பக்கமும் குறுவைப் பயிர், பச்சை கண்ணை நிறைக்கிறது. அத்தை பிள்ளையின் இடுப்பில் ஈரிழைத் துண்டைக் கட்டி, முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அவனை இறக்கிவிட்டார். "ராசா, இது காவேரித் தண்ணிடா, நல்லா ஆடு" என்றார். இருட்டும் வரை கரையேற மறுத்தான். சளி பிடிக்கும் என்று பயந்துகொண்டே இருந்தேன், பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை தாராசுரம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நுழைவுக் கட்டணம் இல்லை. தேர் வடிவ மண்டபத்தின் கல் சக்கரத்தைப் பார்த்து "வண்டி, வண்டி" என்று ஓடினான். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோடும் சிற்பத்தில், ஒரு பக்கத்தைக் கையால் மறைத்து யானை, மறு பக்கத்தை மறைத்து மாடு என்று காட்டினேன். திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னான். அன்றைக்குப் பார்க்க நினைத்த மற்ற கோயில்களை விட்டுவிட்டோம். இந்த வயதுப் பிள்ளையோடு ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும்.

தீபாவளி முடிந்த வாரம் மறுபடி போகிறோம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். திரும்பும் தேதிக்கு இரண்டு நாள் தள்ளித் திறக்கும் என்பதை இந்த முறை மறந்துவிட்டேன். இப்போது இரண்டு தேதியையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன்.