எவர்சில்வர் சொன்ன பொய்

ரிச்சி தெருவில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிவந்த அகச்சிவப்பு வெப்பமானியை முதலில் நீட்டியது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் பாத்திரத்தின் மேல். 46 டிகிரி என்றது.

"தளதளன்னு கொதிக்குது, நாப்பத்தாறா? நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கே" என்றார் அம்மா.

கடைக்காரர் மேல் தப்பில்லை. சூட்டுக்கு ஏற்ப ஒரு பரப்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைத்தான் இது அளக்கிறது. பளபளக்கும் எவர்சில்வர் தன் கதிரைக் கொஞ்சமாகத்தான் விடும். எதிரே நிற்கும் என்னையும் சுவரையும் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தின் பக்கவாட்டில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அளந்தேன். 93. எண்ணெய் ஏறிக் கறுத்த தோசைக்கல்லில் இந்த வம்பே இல்லை.

அப்புறம் ஏசி. கட்டிலில் படுத்தபடியே அளந்தால் 24. மெக்கானிக்கைத் திட்டப் போனை எடுத்துவிட்டேன். நல்லவேளை, கருவியின் பக்கவாட்டில் 12:1 என்று அச்சிட்டிருந்தது கண்ணில் பட்டது. 12 அடி தள்ளி நின்றால் ஓர் அடி வட்டத்தின் சராசரி வரும் என்று அர்த்தம். கருவி காட்டும் சிவப்பு லேசர் புள்ளி குறி பார்க்க மட்டும்தான். கிட்டே போய் அளந்தால் 13.

வாங்கியதே மொட்டை மாடிக்காகத்தான். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, மேலே வெறும் தளம். வீட்டு ஓனர் பாதி மாடிக்கு வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்துவிட்டு, மீதியை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். நாங்கள் இருப்பது அந்த மீதிக்குக் கீழே.

கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி. வெறும் சிமெண்ட் 59, வெள்ளைப் பாதி 43. வெள்ளையும் பளபளப்பும் ஒன்றல்ல: அந்தப் பெயின்ட் வெயிலைத் திருப்பினாலும் அகச்சிவப்பைக் கறுப்பு டேப் மாதிரியே நன்றாக விடும், அதனால் 43ஐ நம்பலாம். மாடிப்படிக்கு மேல் போட்ட புது அலுமினிய ஷீட் 31 காட்டியது. எவர்சில்வரிடம் படித்த பாடத்தை மறந்து கையை வைத்தேன். சுரீரென்றது. அது காட்டியது வானத்தின் குளிர்ச்சியை.

எங்கள் படுக்கையறைக் கூரை அப்போது 36. வெயில் போய் ராத்திரி ஒன்பது மணிக்கு 40. பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் மெதுவாகக் கீழே இறக்குகிறது.

இப்போது கருவி அம்மாவிடம். தினமும் பாய் விரிக்குமுன் கூரையை அளக்கிறார். நேற்று 39 என்று அறிவித்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார், வெள்ளைப் பாதிக்கு.